பேச இரண்டு கை வேண்டும்

மருதாயி திருச்சிக்குக் கிளம்பிய அன்று, போர்ட் பிளேயரை ஒட்டிய கராச்சர்மாவில் காலையிலிருந்தே மழை. மகள் திவ்யாவுக்கு மாதம் நெருங்கிவிட்டது. பொன்னுத்துரையும் கூடப் போவதாகத்தான் பேச்சு. ஆனால் அவர் வேலை பார்க்கும் கப்பல் டிரை டாக்கில் ஏறியிருந்தது. தண்ணீரை வடித்துக் கப்பலை நிறுத்திவைத்து, அடிவயிறு வரை சுரண்டி, எஞ்சினைப் பிரித்துப் பழுது பார்க்கிற காலம் அது. முடிகிற வரைக்கும் எஞ்சின் ரூம் ஆட்களுக்கு லீவு கிடையாது. இன்னும் சில மாதங்களில் ஓய்வு பெறப்போகிறவர் என்பதற்காக யாரும் இளகவில்லை.

விமான நிலைய வாசலில் நின்று மருதாயி நிறையச் சொன்னாள். கோழியைப் பற்றி ஏதோ, கேஸைப் பற்றி ஏதோ. பொன்னுத்துரை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவள் உள்ளே போன பிறகு, என்ன சொன்னாள் என்பதை அவள் கை காட்டிய திசைகளை வைத்துக் கூட்டிப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறினார்.

அவருக்குக் காது சரியில்லை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கப்பலின் எஞ்சின் ரூமில் கிரீசராக இருந்தவர். இரண்டு பெரிய எஞ்சின்களுக்கு நடுவே, எண்ணெய்க் கேனும் கையுமாக. காதில் பஞ்சை அடைத்துக்கொள்வார்கள். வேர்வையில் அது ஊறி விழுந்துவிடும். இப்போதெல்லாம் முகத்துக்கு நேரே நின்று பேசினால் பாதி புரியும். மீதியை உதட்டைப் பார்த்து ஒப்பேற்றிவிடுவார். போனில் மட்டும் ஒப்பேற்ற வழியில்லை. காதில் வைத்தால் தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி ஒரே இரைச்சல். அதனால் "ஆமா, ஆமா, சரி" என்று சொல்லி வைத்துவிடுவார்.

பொன்னுத்துரை பிறந்தது இலங்கையில், பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில். பையனாக இருந்தபோதே குடும்பம் கப்பலேறி இந்தியாவுக்கு வந்து, முகாமில் கொஞ்ச காலம் கிடந்து, அப்புறம் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டது. அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள். இவருக்கு மரத்தில் மனசு ஒட்டவில்லை. ஜெட்டிக்குக் கப்பல் வருகிற நாளில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிப்போய் அதன் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மீசை முளைக்கிற வயதில் அதே கப்பலில் எடுபிடியாகச் சேர்ந்து, படிப்படியாக எஞ்சின் ரூமுக்கு இறங்கினார். தோட்டத்திலேயே பக்கத்து லய வரிசை வீட்டில் வளர்ந்த மருதாயியைக் கட்டிக்கொண்டார்.

திவ்யா பிறந்தபோது நல்ல துறுதுறுப்பான குழந்தை. பாத்திரம் விழுந்தால் திரும்பிப் பார்க்கவில்லை என்பதை முதலில் கவனித்தது மருதாயிதான். பிறவியிலேயே காது கேட்காது என்று டாக்டர் சொன்ன பிறகு கச்சாலை விட்டுக் கராச்சர்மாவுக்கு வந்தார்கள். பள்ளிக்கு வயது வந்ததும் மருதாயி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருச்சிக்குப் போனாள். காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றில் சேர்த்து, சொந்தக்காரர் வீட்டுத் திண்டாட்டத்தை எல்லாம் பொறுத்துக்கொண்டு, வகுப்புக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து மகளோடு சேர்ந்து தானும் சைகை மொழியைக் கற்றுக்கொண்டாள்.

பொன்னுத்துரை கடலில் இருந்தார். லீவுக்கு வீட்டில் கூடும்போது தாயும் மகளும் கைகளால் பேசிக்கொள்வதைப் பார்ப்பார். விரல்கள் பறக்கும். புருவம் ஏறும், இறங்கும். தோள் குலுங்கச் சிரிப்பார்கள். "என்னா சொல்லுது புள்ள?" என்று கேட்பார். அவ்வளவு நேரப் பேச்சையும் மருதாயி ஒரே வரியில் முடித்துத் தருவாள்: "ஸ்கூல்ல நல்லா இருந்திச்சாம்." சாப்பாடு, தண்ணீர், தூக்கம், அப்பா, அம்மா. இந்த மாதிரிச் சில சைகைகள் அவருக்கும் தெரியும். அதற்கு மேல் வேண்டியிருந்ததை எல்லாம் மருதாயி நடுவில் நின்று பார்த்துக்கொண்டாள். மகளுக்கும் அப்பாவுக்கும் பாசத்தில் குறைவில்லை. பேச்சு மட்டும் எப்போதும் மருதாயி வழியாகவே போய் வந்தது.

திவ்யா படித்து முடித்து, போர்ட் பிளேயரில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். பிறகு திருச்சியில் தன் பள்ளியில் படித்த சந்திரமோகனையே கட்டிக்கொண்டாள். அவனுக்கும் காது கேட்காது. அச்சகத்தில் வேலை. கல்யாணத்தன்று பந்தலில் இருந்தவர்களில் பாதிப் பேர் கைகளால்தான் அரட்டையடித்தார்கள். அந்த அமைதியான கலகலப்பைப் பொன்னுத்துரை ஒரு மூலையில் உட்கார்ந்து ரசித்தது உண்டு.

இப்போது மருதாயி மகளிடம் போய்விட்டாள். வீட்டிலிருந்த நல்ல மொபைலையும் அவளே கொண்டுபோய்விட்டாள். பொன்னுத்துரையிடம் இருந்தது பட்டன் போன்.

ஒரு நாள் மத்தியானம், டாக்கில் சாப்பாட்டுக் கொட்டகையில் இருக்கும்போது அது அதிர்ந்தது. மருதாயிதான். காதில் அழுத்திக்கொண்டார். மழை இரைச்சல். நடுவில் திவ்யா என்ற பெயர் மட்டும் கேட்ட மாதிரி இருந்தது. நல்ல செய்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்து, "ஆமா, நல்லது, நல்லது" என்றார். அந்தப் பக்கம் எதுவும் சொல்லவில்லை போலிருந்தது. அந்த இடைவெளியை நிரப்புவதற்காக, கோழிக்குத் தீவனம் தீர்ந்துபோச்சு, எந்தக் கடையில் வாங்கறது என்று கேட்டார். போன் அணைந்துவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டுச் சுசீலா அவர் வாசலில் காத்துக்கொண்டு நின்றாள். சுசீலா டெலானிபூரில் அரசு அலுவலகத்தில் கிளார்க். ராமநாதபுரத்துப் பக்கத்துக் குடும்பம். புருஷன் ரவிச்சந்திரன் டிக்லிபூரில் ரோடு காண்டிராக்ட் எடுத்திருந்ததால் பெரும்பாலும் தனியாகத்தான் இருப்பாள். அவள் அவருக்கு நேரெதிரே வந்து, மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து பேசினாள்.

"அண்ணே, பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லாருக்காக. மொதல்ல உக்காருங்க."

உட்கார்ந்த பிறகு மீதியைச் சொன்னாள். மத்தியானம் திவ்யாவுக்குத் திடீரென்று ரத்தக் கொதிப்பு ஏறி, வலிப்பு வந்துவிடுமோ என்று டாக்டர்கள் பயந்து, அவசரமாக ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் மருதாயி அவருக்குப் போன் செய்திருக்கிறாள். அவர் நல்லது என்று சொன்னதும், கோழித் தீவனத்தைப் பற்றிக் கேட்டதும் அவள் போனை வைத்துவிட்டாள். பிறகு குழந்தை பிறந்ததும் சுசீலாவைக் கூப்பிட்டிருக்கிறாள்.

பொன்னுத்துரை வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். சுசீலா டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. மகள் செத்துப் பிழைத்த நேரத்தில் தான் கோழித் தீவனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்பதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தார்.

தாயும் குழந்தையும் ஆஸ்பத்திரியிலிருந்து திருச்சி வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு ஒரு சாயங்காலம் சுசீலா தன் மொபைலைக் கொண்டுவந்து வீடியோ கால் போட்டுக் கொடுத்தாள். உள்ளங்கை அகலத் திரையில் மருதாயி தெரிந்தாள், குழந்தை ஒரு துணிச்சுருளாகத் தெரிந்தது, கட்டிலில் சாய்ந்தபடி திவ்யா தெரிந்தாள். திவ்யா அப்பாவைப் பார்த்ததும் ஏதோ சொல்லத் தொடங்கினாள். ஆனால் அவள் கைகள் திரையின் ஓரத்துக்கு வெளியே போய்ப் போய் வந்தன. விரல்கள் எறும்பளவு. இவர் பதிலுக்கு ஏதாவது காட்டலாமென்றால் ஒரு கை போனைப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு கையை மட்டும் ஆட்டினார். அது டாட்டா காட்டுகிற மாதிரி இருந்தது. மருதாயி பேசியதை எல்லாம் சுசீலா கேட்டு, திருப்பி இவருக்குச் சத்தமாகச் சொன்னாள். திவ்யாவுக்குப் பால் சரியாகச் சுரக்கவில்லை என்பதையும் சுசீலாதான் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

போனை வாங்கிக்கொண்டு போகும்போது சுசீலாவே கேட்டாள். "திவ்யா கம்ப்யூட்டர் சும்மாதானே கெடக்கு? பெரிய ஸ்க்ரீன். கை ரெண்டும் ஃப்ரீயா இருக்கும். எங்க வீட்டு வைஃபையை எடுத்துக்கிருங்க, எனக்கு அது தேவையிருக்கதே கொஞ்சம்."

திவ்யா தன் சம்பளத்தில் வாங்கிய கம்ப்யூட்டர் அது. பின்னறையில், மருதாயியின் பழைய சேலைத் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றது. அந்தக் காலத்தில் தீவுக்கு இணையம் செயற்கைக்கோள் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. திவ்யா திருச்சித் தோழிகளோடு பேச முயற்சி செய்வாள். கை பாதி தூரம் எழுந்து அப்படியே உறைந்து நிற்கும். மறுபடி அசையும்போது விரல்கள் எல்லாம் உருகிய மெழுகாக ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். கொஞ்ச நாளில் அலுத்து விட்டுவிட்டாள். சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் வந்து எல்லாம் வேகமானபோது அவளுக்குக் கல்யாணமாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பொன்னுத்துரை பெட்டியைக் கழற்றினார். உள்ளே எறும்பு கூடு கட்டியிருந்தது. பிரஷ்ஷால் தட்டி, துடைத்து, காற்றாடியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வெயிலில் உலர வைத்து மூடினார். உயிர் வந்தது. சுசீலா வந்து பார்த்துவிட்டு, இந்தப் பழைய மாடலில் வைஃபை பிடிக்க வசதி கிடையாது, அதற்குத் தனியாக ஒன்று வாங்கிச் செருக வேண்டும் என்றாள். மறுநாள் வேலை முடிந்து அபர்தீன் பஜாருக்குப் போனார். கடைக்காரர் இந்தியில் நிறைய விளக்கிவிட்டு, கட்டை விரல் நகத்தளவு ஒரு சாமானைக் கையில் வைத்தார். இதுவா பிடிக்கும் என்று பொன்னுத்துரை இந்தியிலேயே கேட்டார். "சலேகா, அங்கிள், சலேகா," எல்லாம் ஓடும் என்று கடைக்காரர் அவர் தோளில் தட்டினார்.

பின்னறையில் அது பிடிக்கவில்லை. சுசீலா வீட்டுக்கும் இந்த அறைக்கும் நடுவில் சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி. கம்ப்யூட்டரை முன்னறைக்குத் தூக்கி வந்தார்கள். அங்கே ஒரு கோடு வந்து வந்து போயிற்று. கடைசியில் எங்கே பிடித்தது என்றால் சமையல்கட்டில். அதன் ஜன்னலுக்கு நேரெதிரே சுசீலா வீட்டு ஜன்னல். அதன் விளிம்பில்தான் அவளுடைய வைஃபை பெட்டி பச்சையாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. கேஸ் அடுப்புக்கும் அரிசி டிரம்முக்கும் இடையில் மேடையில் கம்ப்யூட்டரை ஏற்றினார்கள். மருதாயி இதைப் பார்த்தால் என்ன சொல்லுவாள் என்று நினைக்கும்போது அவருக்கே சிரிப்பு வந்தது.

திரையில் அக்கம்பக்கத்து இணைப்புகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. அதில் தன்னுடையதைக் கிளிக் செய்யச் சொல்லிவிட்டு, பாஸ்வேர்டு மீன்குழம்பு என்று சொன்னாள் சுசீலா. ரவிச்சந்திரன் வைத்தது, அவனுக்கு அதைத் தவிர வேறு நினைப்பே கிடையாது. அடுப்பில் சாதம் வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி அவள் போய்விட்டாள்.

பொன்னுத்துரை ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தார். ஆங்கில எழுத்துகள் கப்பலின் மீட்டர்களில் பார்த்துப் பழகியவைதான். தப்பு என்று வந்தது. மறுபடி அடித்தார். மறுபடியும் தப்பு. சுசீலா சொன்னது மீன்குழம்புதானா, தன் காதுதான் வேறு எதையாவது கேட்டுத் தொலைத்ததா என்று சந்தேகம் வந்தது. மீன் குளம்? மீன் கொழும்பு? எல்லாவற்றையும் அடித்துப் பார்த்தார். போய்க் கேட்கலாம். கேட்டால், முதல் தடவை காதில் விழவில்லை என்று ஆகிவிடும். அடுப்பருகே ஸ்டூலில் வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

சுசீலாவே ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்தாள். அவர் அடித்திருந்ததைப் பார்த்தாள். குழம்புக்கு 'ல' வரும் என்று நினைத்து எல் போட்டிருந்தார். அவள் எதுவும் சொல்லாமல் அதை அழித்துவிட்டு இசட்டும் எச்சும் போட்டாள். அவர் வாயைத் திறக்குமுன், தன் புருஷனே இரண்டு தடவைக்கு ஒரு தடவை இதைத் தப்பாக அடிப்பான் என்றும் சொல்லி வைத்தாள். மூலையில் விசிறி மாதிரி ஒரு சின்னக் குறி, வெள்ளையாக நிறைந்தது.

திவ்யாவின் பழைய கணக்கு அப்படியே திறந்தது. அதில் சந்திரமோகன் பெயர் முதலிலேயே இருந்தது. அதைக் கிளிக் செய்யச் சொல்லிவிட்டு, இந்த முறை சுசீலா நிற்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

திரை முழுவதும் திருச்சி வீடு வந்தது. பச்சைச் சுவர், காயப்போட்ட தொட்டில் துணிகள், சந்திரமோகனின் அகலமான சிரிப்பு. அவன் ஓடிப்போய் மற்றவர்களை அழைத்து வந்தான். மருதாயி முகத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பேசத் தொடங்கினாள். கம்ப்யூட்டரில் ஸ்பீக்கரே இல்லை. திவ்யாவுக்கு எதற்கு ஸ்பீக்கர்? அது பொன்னுத்துரைக்குத் தோன்றவில்லை. வழக்கம்போல் தன் காதுதான் என்று எண்ணிக்கொண்டார். மருதாயியின் வாய் அசைந்தது. இவர் சிரித்தபடி தலையாட்டினார். மறுபடி அசைந்தது. மறுபடி ஆட்டினார்.

திவ்யா அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தலையாட்டல் அவளுக்குத் தெரியும். ஆசிரியர்கள் பேசும்போது, பஸ்ஸில் பக்கத்து ஆள் எதையோ கேட்கும்போது, அலுவலகத்தில் எல்லாரும் சிரிக்கும்போது, ஒன்றும் விளங்காமல் அவளே ஆயிரம் தடவை ஆட்டிய தலை அது. குழந்தையை அம்மாவின் மடியில் வைத்தாள். மருதாயியை மெல்ல ஒதுக்கிவிட்டு, வயிற்றுத் தையல் இழுக்காமல் நாற்காலியில் அமர்ந்தாள். திரையில் அவளுடைய தலையும் தோளும் இரண்டு கைகளும் இடுப்பு வரைக்கும் முழுசாகத் தெரிந்தன. தன் காதைத் தொட்டு, அப்பாவை நோக்கி விரலை நீட்டி, புருவத்தை உயர்த்தினாள்.

கேட்கிறதா?

பொன்னுத்துரை உடனே தலையாட்டப் போனார். பாதியில் நிறுத்திக்கொண்டார். அடுப்பைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். இல்லை என்று தலையசைத்தார்.

திவ்யா ஆச்சரியப்படவில்லை. எப்போதிருந்து என்று கேட்டாள். கையைத் தோளுக்குப் பின்னால் இரண்டு தடவை வீசிக் கேட்டது அவருக்குப் புரிந்துவிட்டது. அவரும் கையைத் தோளுக்குப் பின்னால் வீசினார், மூன்று நான்கு தடவை. ரொம்ப நாளாக. பின்னாலிருந்து மருதாயி ஏதோ மறுத்தாள். அதெல்லாம் இல்லை, மனுஷன் எதையும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பதாக இருக்கும். திவ்யா திரும்பி, அம்மாவிடம் ஒரே ஒரு சைகை காட்டி அவளை அடக்கினாள்.

பிறகு அவள் மெதுவாகப் பேசினாள். ஆஸ்பத்திரியைப் பற்றி, வலியைப் பற்றி. சில புரிந்தன, சில புரியவில்லை. புரியாதபோது அவளே கண்டுகொண்டு வேறு மாதிரிச் சொன்னாள். அவருக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. குழந்தை நன்றாக இருக்கிறதா என்பதை எப்படிக் கேட்பது? தெரிந்த சாப்பாடு, தண்ணீர், தூக்கத்தை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது. கைகள் மடியில் கிடந்து தவித்தன. அப்புறம் அவரை அறியாமலே வலது கை எழுந்து, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, காற்றில் ஒரே சீராக மிதந்தது. கூடவே கண்ணால் ஒரு கேள்வி.

அது எஞ்சின் ரூம் சைகை. அந்த இரைச்சலில் யாரும் யாரிடமும் வாயால் பேச முடியாது. எஞ்சின் சீராக ஓடுகிறதா என்று கேட்க இப்படி. கன்னத்தில் உள்ளங்கையை வைத்தால் பேரிங் சுடுகிறது. இரண்டு விரலால் தோளைத் தட்டினால் செகண்ட் இன்ஜினியர் கூப்பிடுகிறார். கட்டை விரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் மேலே போய் டீ குடித்துவிட்டு வா. பெங்காலியும் தெலுங்கனும் மலையாளியும் ராஞ்சிக்காரனும் ஒன்றாக நின்ற அந்தக் கிடங்கில் எல்லாருக்கும் பொதுவாக இருந்த ஒரே பேச்சு. முப்பது வருஷம் பேசியிருக்கிறார். அதைப் பேச்சு என்று அவர் நினைத்ததே இல்லை. வீட்டில் யாருக்கும் காட்டியதும் இல்லை.

திவ்யாவின் கண்கள் விரிந்தன. அவள் அந்த மிதக்கும் கையைப் பார்த்தாள். தன் கையையும் அதேபோல் மிதக்கவிட்டு, குழந்தையைக் காட்டி, ஆமாம் என்றாள். சீராக ஓடுகிறது. அவர் உற்சாகத்தில் மற்ற எஞ்சின் ரூம் சைகைகளையும் ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். பிறகு திவ்யா கண்ணைச் சுருக்கி, பால் விஷயத்தைச் சொல்வதற்கு அவரிடமிருந்தே ஒரு வார்த்தை கேட்டாள். அவர் யோசித்து, இரண்டு விரலை உரசி, எண்ணெய் வரத்து குறைவு என்பதைக் காட்டினார். அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, தையல் வலித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சந்திரமோகன் ஓடிவந்து என்னவென்று கேட்டான். அவள் அவனுக்குச் சொல்ல, அவனும் உடனே கன்னத்தில் கை வைத்து, தன் மனைவியைக் காட்டி, பேரிங் சுடுகிறது என்றான். ஒரு நிமிஷம் முன்னால் பொன்னுத்துரை காட்டியது அதற்குள் அவன் கைக்கும் போய்விட்டது.

மருதாயி குழந்தையோடு ஓரமாக நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்தத் தடவை யாரும் அவளிடம் என்ன சொல்லுது புள்ள என்று கேட்கவில்லை.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் சமையல்கட்டில்தான். டாக்கிலிருந்து வந்து குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு ஸ்டூலில் உட்காருவார். திவ்யா ஒவ்வொரு நாளும் நாலைந்து புதுச் சைகைகள் சொல்லிக் கொடுத்தாள். அவர் பதிலுக்கு எஞ்சின் ரூமிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒரு நாள் பேச்சு மும்முரத்தில் இருக்கும்போது திவ்யா, சந்திரமோகன் இரண்டு பேருமே பதறி அவருக்குப் பின்னால் கை காட்டினார்கள். உலை பொங்கி அடுப்பு அணைந்து, மேடையெல்லாம் கஞ்சி. அது கொதித்த சத்தம் அவருக்கு எங்கே கேட்டது? திருச்சியிலிருந்து பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

நடுவில் புயல் சின்னம் உருவாகி, காற்றில் எங்கோ மரம் விழுந்து ஒயர் அறுந்துபோனது. சுசீலா வீட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கு. பொன்னுத்துரை வந்ததும் ஜன்னல் வழியாக அந்த விளக்கைத்தான் பார்ப்பார். முன்பெல்லாம் மாதக்கணக்கில் கப்பலில் இருந்தவர். வீட்டுப் பேச்சு இல்லாமல் இருப்பது அவருக்குப் புதிதில்லை. இப்போது இரண்டாம் நாளே கைகள் நமநமத்தன. டாக்கில் வேலை பார்க்கும்போது, இதைத் திவ்யாவுக்கு எப்படிச் சொல்வது என்று தனக்குத் தானே காற்றில் செய்து பார்த்துக்கொண்டு நின்றார். ஃபிட்டர் ஒருவர் பார்த்துவிட்டு எதையோ கேட்டபடி போனார். பச்சை விளக்கு எரிந்த அன்று சுசீலா அவரைக் கூப்பிட வெளியே வருவதற்குள் அவர் கம்ப்யூட்டரைப் போட்டிருந்தார்.

குழந்தைக்குக் காது சோதனை செய்திருந்தார்கள். அதை யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. ஆனால் குழந்தை பிறந்த நாளிலிருந்தே மருதாயி அதன் பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்ப்பதைத் திவ்யா பார்த்திருக்கிறாள். முடிவு வந்த அன்று அவள் முதலில் அப்பாவைக் கூப்பிட்டாள். ஒரு காது சரி. இன்னொரு காதில் தெளிவாகச் சொல்ல முடியவில்லை, சில மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சொல்லிவிட்டு, பயமாக இருக்கிறதா என்று அவரைக் கேட்டாள்.

கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லப் பொன்னுத்துரைக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் பயம்தான் என்று ஒத்துக்கொண்டார். பிறகு, உன்னைப் பார்க்கும்போது அவ்வளவு இல்லை என்றார். இதைச் சொல்ல அவருக்குச் சைகை போதவில்லை. உன்னை, பார்க்க, பயம், சின்னது. இப்படித் துண்டு துண்டாகச் சொன்னார். திவ்யா அதை உடைக்காமல் வாங்கிக்கொண்டாள். உடனே விரலை நீட்டி, உங்கள் காதை எப்போது காட்டப்போகிறீர்கள் என்று கேட்டாள். அவர் கூரையைப் பார்த்தார். அவள் மேசையைத் தட்டி அவரைத் திரும்பிப் பார்க்க வைத்தாள். மேசை அதிர்ந்ததில் திருச்சிக் கேமரா ஆடி, இங்கே திரை முழுக்க ஆடியது.

அந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு காதிலும் பாதிக்கு மேல் போய்விட்டது, மெஷின் வைத்தால் உதவும் என்றார்கள். மருதாயிக்கு நேரடியாகவே சொன்னார், கைகளால். அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். மெஷின் வந்த பிறகு சுசீலாவின் மொபைலில் மருதாயி சொன்ன முதல் வாக்கியம் அவருக்குத் தெளிவாகவே கேட்டது.

"இம்புட்டு வருசமா தொண்ட கிழியக் கத்துனேனே, ஒரு வார்த்த சொல்லியிருந்தா கையாலயே சொல்லியிருப்பேன்ல?"

அவளுக்குக் கோபம் நெடுநேரம் நிற்கவில்லை. அன்றைக்கு ஆபரேஷன் நேரத்தில் தான் தனியாக நின்றது அவளுக்குள்ளும் கிடந்தது. அதை இப்போது சொல்லி அழுதாள். அழுகையும் மெஷினில் கேட்டது. அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கிற வரை, "கேக்குது மருதாயி, கேக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

டிரை டாக் முடிகிற தறுவாயில் ஒரு சாயங்காலம், வழக்கம்போல் சமையல்கட்டு. திவ்யா பக்கத்தறையில் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். சந்திரமோகன் மட்டும் திரையில் இருந்தான். அவன் அவளை அழைக்க, வாசற்பக்கம் திரும்பி இடது கையை விரித்து, வலது கையால் அதன் ஒவ்வொரு விரலையும் அடியிலிருந்து நுனி வரை துடைப்பதுபோல் இழுத்துக் காட்டினான். திவ்யா வந்து உட்கார்ந்தாள். பொன்னுத்துரைக்கு அந்தச் சைகை தெரியவில்லை. அதையே செய்து காட்டி, இது என்ன என்று கேட்டார்.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திவ்யா கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. அது உங்கள் பெயர், என்றாள்.

அவருக்கு விளங்கவில்லை. அவள் சொன்னாள். எங்களுக்கு ஒவ்வோர் ஆளுக்கும் கையில் ஒரு பெயர் உண்டு. நேரில் அப்பா என்பேன். நீங்கள் இல்லாதபோது, தோழிகளிடம், இவரிடம் உங்களைப் பற்றிச் சொல்ல இந்தப் பெயர். கப்பலிலிருந்து வருவீர்கள். நான் ஓடி வருவேன். உடனே தூக்க மாட்டீர்கள். பையிலிருந்து துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைப்பீர்கள், நகக்கண் வரைக்கும். நான் பார்த்துக்கொண்டே நிற்பேன். கடைசி விரல் முடிந்ததும் தூக்குவீர்கள். ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் உன் அப்பா பெயர் என்ன என்று கேட்டார்கள். இதைத்தான் காட்டினேன். அன்றிலிருந்து அங்கே எல்லாருக்கும் நீங்கள் இதுதான்.

பொன்னுத்துரை தன் இடது கையைப் பார்த்தார். விரல்களை மெதுவாக ஒரு தடவை துடைத்துப் பார்த்தார். அவர் கடலில் இருந்த அத்தனை வருஷமும் யாரோ ஒரு பள்ளிக்கூட முற்றத்தில், விடுதித் திண்ணைகளில், அச்சகத்து டீ நேரத்தில், இந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவரைப் பார்த்தே இராதவர்கள்கூட. கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

குழந்தைக்கு இன்னும் கைப்பெயர் வைக்கவில்லை, நீங்கள் வையுங்கள் என்றாள் திவ்யா. மருதாயி குழந்தையைக் கேமராவுக்கு முன்னால் பிடித்தாள். இப்போதுதான் பால் குடித்து முடித்திருந்தது, உதட்டோரம் நுரை. பொன்னுத்துரை முன்னால் குனிந்து உற்றுப் பார்த்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. குழந்தை முகத்தைச் சுளித்து, முதுகை வளைத்து, மூடிய இரண்டு முஷ்டிகளையும் காதோரமாகத் தூக்கிப் பெரிதாகச் சோம்பல் முறித்தது. உச்சியில் முஷ்டிகள் ஒரு கணம் திறந்து, பத்துச் சின்ன விரல்களும் விரிந்து, மறுபடி மூடிக்கொண்டன.

பொன்னுத்துரை தன் இரண்டு கைகளையும் தூக்கினார். காதோரம் முஷ்டியாக, பிறகு மேலே, பிறகு விரித்து.

சந்திரமோகன் செய்து பார்த்தான். திவ்யா செய்தாள், பிறகு இன்னொரு தடவை, குழந்தையின் முகத்துக்கு நேரே, மெதுவாக. குழந்தையைப் பிடித்திருந்த மருதாயியால் செய்ய முடியவில்லை. மருமகனிடம் அதைக் கொடுத்துவிட்டு அவளும் செய்தாள். வாயால் கூப்பிடுகிற பெயருக்கு அவள் இன்னும் ஜோசியரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.